எங்க ஊர் பீச்சுல அலை வராது... தண்ணி வரும்!

கோயமுத்தூர்ல எல்லாமே இருக்குங்க. சிறுவாணித் தண்ணி இருக்கு, ஜிலுஜிலுன்னு காத்து இருக்கு, திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுற மரியாதை இருக்கு. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்... கடல்! மெரினாவைப் பார்க்கணும்னா ராத்திரி முழுக்க ரயில்ல உருண்டு 500 கிலோ மீட்டர் போகணும். பக்கத்துக் கடல்னா பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி கேரளாவுக்குள்ள நுழையணும். சென்னைப் பசங்க சாயங்காலம் ஆனா காலை நனைச்சு ஸ்டேட்டஸ் போடறப்போ, நாங்க மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர்ல மெஷின் கிளப்பி விடுற அலையை நினைச்சு மனசைத் தேத்திக்குவோம். அங்கேயும் டிக்கெட் விலை, கொஞ்சம் ஆட்டம் போட்டா விசில் ஊதுற அண்ணன்னு ஆயிரம் தொல்லை.

அப்பதான் 'ஃபியூஸ்' தன் போனை நீட்டினான். பதினஞ்சு செகண்ட் ரீல்ஸ். வெள்ளை மணல், அடியில கிடக்கிற கூழாங்கல் தெரியிற தண்ணி, பின்னால நீலகிரி மலை. மேலே 'கோவை பக்கத்துல ஹிட்டன் பீச்'னு எழுத்து. ஒரு ஈ, காக்கா இல்லை. "மச்சான், இது பவானி ஆறுடா. நம்ம ஊர்ல இருந்து ஒன்றரை மணி நேரம்தான்!"

போறதுக்கு முன்னாடி கேரக்டர்களைச் சொல்லிடறேன். நாலு பேருமே ட்ரிபிள் ஈ, மூணாவது வருஷம். ஃபியூஸ் - சட்டுனு எரிஞ்சு போவான். வெயிட்டு - மொத்த எடையே 48 கிலோ, அதான் அந்தப் பேரு. பல்பு - கொஞ்சம் லேட்டா எரிவான், எரிஞ்சா பிரகாசம். நாலாவது, அடியேன். நிஜப் பேரைப் போட்டா தோலை உரிச்சுடுவானுங்க, ஸோ பட்டப் பேரே போதும்.

போன பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை. இன்டர்னல் முடிஞ்ச குஷி. வீட்டுல எல்லாம் ஒரே டயலாக்: "மினி ப்ராஜெக்ட்மா, லேப்ல வேலை இருக்கு." பல்போட அம்மா பாவம், லேப்ல நாலு பேரும் பட்டினி கிடப்போம்னு விடியக்காலையில எழுந்து அரிசிம்பருப்புச் சாதம் செஞ்சு, மேல நெய் ஊத்தி, தயிர், வடு மாங்காய் சகிதம் மூணு அடுக்கு எவர்சில்வர் கேரியர்ல கட்டிக் கொடுத்துட்டாங்க. அவங்க கல்யாணத்துக்கு வந்த சீர்ல இருந்த கேரியர் அது. அடித்தட்டுல பல்போட அமுச்சி பேரை புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். இந்தக் கதையில அந்தக் கேரியர் ரொம்ப முக்கியம், ஞாபகம் வெச்சுக்குங்க.

ரெண்டு பைக். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடையில ஒரு டீ. மேட்டுப்பாளையம் தாண்டி நெல்லித்துறை ரோட்டுல திரும்பினோம். அதுக்கு மேல வழி சொல்ல மாட்டேன். கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். காரணம் கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சுடும்.

பாக்குத் தோப்புக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவுல பைக்கைச் சாத்திட்டு இறங்கி நடந்தா... சும்மா சொல்லக் கூடாதுங்க, ரீல்ஸ்ல காட்டினது பாதிகூட இல்லை! ஆறு அந்த இடத்துல லேசா வளையுது. வளைவோட உள்பக்கத்துல அரை நிலா மாதிரி மணல் திட்டு. கால் வெச்சா பொதபொதன்னு உள்ள போகுது. தண்ணி முட்டி ஆழம்கூட இல்லை. ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த மாதிரி ஜில்லுனு. அக்கரையில மருத மரங்கள். எங்கேயோ ஒரு மீன்கொத்தி 'கிரீச்'னு கத்துறது தவிர வேற சத்தமே கிடையாது. கடை இல்லை, பஜ்ஜி வாசனை இல்லை, பிளாஸ்டிக் கப்பு இல்லை, முக்கியமா விசில் ஊதுற அண்ணன் இல்லை. "இதுதான்டா நம்ம ஊர் பீச்!"னு வெயிட்டு மணல்ல விழுந்து உருண்டான்.

கரையிலேருந்து இறங்குற இடத்துல ஒரு இரும்புக் கம்பத்துல எச்சரிக்கைப் பலகை இருந்துச்சு. 'நீர்வரத்து திடீரென அதிகரிக்கும், ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம்'ங்கற மாதிரி. நாங்க படிச்சோமான்னு கேக்கறீங்களா? நாலு பேரோட சட்டையையும் அதுலதான் மாட்டினோம்!

பவானி கொஞ்சம் விசித்திரமான ஆறு. நீலகிரியில பிறந்து, நேரா கேரளாவுக்குள்ள போயி, முக்காலி பக்கத்துல என்ன நினைச்சுதோ, கிழக்கே திரும்பி அட்டப்பாடி வழியா மறுபடியும் தமிழ்நாட்டுக்கே வந்துடும். கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்ற மாமா மாதிரி! வந்ததும் பில்லூர் அணை. அதைத் தாண்டி மேட்டுப்பாளையம், பவானிசாகர், கடைசியில கூடுதுறையில காவிரி. ஆடிப்பெருக்குக்கு எங்க அமுச்சி கூட்டிட்டுப் போறப்போ, ஆத்துல கால் வைக்கறதுக்கு முன்னால குனிஞ்சு தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. நாங்க அன்னிக்கு ஓடிப்போய் குதிச்சோம்.

ஆட்டம்னா ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம். மணல் திட்டுல கிரிக்கெட். பந்து தண்ணியில விழுந்தா சிக்ஸர். ஃபியூஸும் நானும் கிணத்துல நீச்சல் பழகினவங்க. வெயிட்டு சும்மா மிதப்பான். பல்புக்கு நீச்சலே தெரியாது. ஆனா முட்டி ஆழத் தண்ணியில எவனுக்குங்க நீச்சல் வேணும்? ஆத்துக்கு நடுவுல, கரையிலேருந்து ஒரு முப்பது தப்படி தூரத்துல, யானை படுத்த மாதிரி ஒரு பாறை. கேரியரைத் தூக்கிக்கிட்டு நாலு பேரும் ஜம்முனு அதுமேல போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறின அரிசிம்பருப்புச் சாதம், காலை நக்குற ஆறு, பிப்ரவரி மாச வெயில்... அந்த அரை மணி நேரத்துக்கு இன்னிக்கும் எனக்கு ஈடு கிடையாது. நடந்தது அத்தனைக்கும் அப்புறமும் அப்படித்தான் தோணுது.

சாப்பிட்டு முடிச்சதும் நாங்க மூணு பேரு கரைக்கு வந்துட்டோம். பல்பு பாறையிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, கேரியரைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு சாஞ்சுட்டான்.

மணி மூணே கால் இருக்கும். வானத்துல மருந்துக்குக்கூட மேகம் இல்லை. "டேய், என் செருப்பை எவன்டா எடுத்தது?"ன்னான் வெயிட்டு. தண்ணியிலேருந்து ரெண்டு முழம் தள்ளி விட்டிருந்தான். நாய் கவ்விட்டுப் போயிருக்கும்னு சிரிச்சோம். அப்புறம் பார்த்தா என் செருப்பு, கண்ணு முன்னால மிதந்து போகுது. திரும்பிப் பார்க்கறேன்... நாங்க ஸ்டம்ப் நட்டு வெச்ச இடத்துல தண்ணி. அரை நிலா கால் நிலாவா ஆயிருந்துச்சு.

சினிமாவுல காட்டுற மாதிரி சுவர் மாதிரி உயரமா, ஹோன்னு இரைச்சலோட எல்லாம் வரலைங்க. அப்படி வந்திருந்தா ஓடியிருப்போமே. பாத்ரூம்ல குழாயை மூட மறந்த பக்கெட் மாதிரி, பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருந்துச்சு.

கத்தினோம். ஹெட்செட்! கல்லை எடுத்துப் பாறைமேல எறிஞ்சதும்தான் முழிச்சான். எழுந்து கேரியரை எடுத்துக்கிட்டு சாவகாசமா காலை விட்டான். மதியம் முட்டிக்குக் கீழ இருந்த தண்ணி தொடைக்கு மேல. ரெண்டாவது அடியில ஆள் சாஞ்சுட்டான். எப்படியோ பாறையைப் பிடிச்சு மேல ஏறினான். அவன் முகம் அப்ப இருந்த மாதிரி நான் எப்பவும் பார்த்ததில்லை.

ஃபியூஸ் யோசிக்கவே இல்லை, குதிச்சுட்டான். கிணத்து நீச்சல் வேற, ஆத்து நீச்சல் வேறன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நேரா பாறையைப் பார்த்து நீந்தினவனை ஆறு அப்படியே பக்கவாட்டுல தூக்கிட்டுப் போயிடுச்சு. நல்லவேளை, கீழே ஒரு மரத்து வேர் அவன் கையில சிக்கிச்சு. நடுங்கிக்கிட்டே கரையேறினான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சிருக்கோம்... தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, அது தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும்னு. மதியம் நடந்து போன அதே முப்பது தப்படிதான்!

போனை எடுத்தேன். டவர் இல்லை. இருந்திருந்தாலும் யாரைக் கூப்பிடறது? ஊர்ல எல்லாரையும் பொறுத்தவரைக்கும் நாங்க நாலு பேரும் அப்ப லேப்ல இருக்கோம்.

பல்பு பாறையோட உச்சிக்குப் போயிட்டான். தண்ணி அவன் பாதத்தைத் தொட்டப்போ வெயிட்டு அழ ஆரம்பிச்சுட்டான். அந்த அழுகைச் சத்தம் கேட்டுத்தான் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் தோப்புக்குள்ளேருந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏனுங் சாமி, அந்தக் கண்ணுக்கு நீச்சல் தெரியுங்களா?"

"தெரியாதுங்க ஐயா..."

வேற பேச்சே இல்லை. ஓடிப்போய் லாரி டியூப் ஒண்ணும் நீளமான கயிறும் எடுத்துட்டு வந்தார். அதுல மிதந்துக்கிட்டுத்தான் மீன் பிடிப்பாராம். அப்புறம் அவர் செஞ்சது எங்களுக்குப் புரியவே இல்லை. பாறைக்கு நேரா இறங்காம, ஆத்துக்கு மேலாக்கப் பார்த்து விறுவிறுன்னு நடந்தார். "அங்க எங்கய்யா போறீங்க?"ன்னு ஃபியூஸ் எரிஞ்சு விழுந்தான். கரையில ஒரு மரத்துல கயித்தோட ஒரு முனையைக் கட்டி, எங்களையும் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, இன்னொரு முனை கட்டின டியூப்போட அங்கிருந்து தண்ணியில இறங்கினார். கொஞ்சம் கொஞ்சமா கயித்தை விடச் சொன்னார். ஆறே அவரைக் குறுக்கால தள்ளிட்டுப் போயி பாறையில விட்டுச்சு! பல்பை டியூப்புல ஏத்தி உதைச்சுத் தள்ளினதும், கயித்துல கட்டின கல்லு ஊசலாடுற மாதிரி ரெண்டு பேரும் அரைவட்டம் அடிச்சு எங்க கரைக்கே வந்து ஒதுங்கிட்டாங்க. தண்ணியோட அவர் சண்டையே போடலை. நாலு இன்ஜினீயருங்க வாயைப் பிளந்துக்கிட்டு நின்னோம்.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. பல்பு ஒரு கையில கேரியரைப் பிடிச்சுக்கிட்டே டியூப்புல ஏறியிருக்கான். பாதி வழியில கை வழுக்குது. "அதை உடு கண்ணு! ரெண்டு கையும் டியூப்புல!"ன்னு பெரியவர் போட்ட சத்தம் கரைக்கே கேட்டுச்சு. விட்டான். வெயில்ல ஒரு தடவை பளிச்சுனுது. அவ்வளவுதான்.

கரையேறினதும் பல்பு வாந்தி எடுத்தான். பெரியவர் தலைத்துண்டால அவன் தலையைத் துவட்டி விட்டார். நான்தான் மெதுவா கேட்டேன். "மழையே இல்லீங்களே ஐயா, எப்படிங்க தண்ணி வந்துச்சு?"

"மழைக்கா வருது? கரண்டுக்கு வருதுங் சாமி! மேல மிசினு ஓட்டுனாங்கன்னா இங்க ஏறும். தொறந்தது இங்க வந்து சேர நேரமாகும். நீங்க ஆடிக்கிட்டு மறந்து போனப்பத்தான் வரும். அதைத்தானுங்க எழுதிப் போட்டிருக்குது. படிச்சவிங்கதானுங்களே நீங்க?"

அவர் கை காட்டின பக்கம் எங்க சட்டைங்க காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. அடிச்சிருந்தாகூட பரவாயில்லைங்க. அந்த 'ங்க'தான் வலிச்சுது.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணம் பயம் மட்டும் இல்லை. போன செமஸ்டர்ல எனக்கு ஒரு 13 மார்க் கேள்வி வந்துச்சு: லோடு கர்வ் வரைந்து விளக்குக. காலையில ஊரே எழுந்து மோட்டார், ஹீட்டர், மிக்ஸி போடறப்போ ஒரு திமில். சாயங்காலம் லைட்டும் டி.வி-யும் ஏசியும் சேர்றப்போ இன்னொரு திமில். நிலக்கரியில ஓடுற நிலையத்தை நினைச்ச நேரத்துல ஏத்தி இறக்க முடியாது. நீர்மின் நிலையத்தை சில நிமிஷத்துலயே ஓட்ட ஆரம்பிச்சுடலாம். அதனால தேவை உச்சத்துக்குப் போற நேரத்தைச் சமாளிக்க அதைத்தான் அதிகம் நம்புறாங்க. படம் எல்லாம் போட்டு 13-க்கு 11 வாங்கியிருந்தேன். குந்தா நீர்மின் திட்டத்தையே உதாரணமா எழுதியிருந்தேன். கனடா நாட்டு உதவியோட ஆரம்பிச்சது, அதுல பில்லூர் தண்ணியில ஓடுற பரளி மின் நிலையம் 100 மெகாவாட்னு மனப்பாடமா தெரியும். டர்பைனைச் சுத்திட்டு வெளியே வர்ற தண்ணி அப்புறம் எங்க போகும்? அது சிலபஸ்ல இல்லை. நானும் யோசிச்சதில்லை. ஏதோ ஒரு காலையில நான் போட்ட ஹீட்டருக்கும், பல்போட பாதத்தைத் தொட்ட தண்ணிக்கும் நடுவுல ஒரே ஒரு அணைதான் இருக்கு.

மழைக் காலத்துல இது வேற மாதிரி. பில்லூரோட உயரம் 100 அடி. 97 அடியை நெருங்கிட்டா உபரி நீரைத் திறந்து விடுவாங்க. அப்ப கரையோரம் எச்சரிக்கை விடுறது நியூஸ்ல வரும், நமக்கும் தெரியும், பயந்து ஒதுங்கிடுவோம். ஆபத்து இந்த மாதிரி பிப்ரவரியிலதான். ஆறு சாதுவா, முட்டி ஆழத்துல, வான்னு கூப்பிடும்.

கூகுள்ல தேடத் தேட இன்னொரு கதை கிடைச்சுது. 2014 ஜூன் 8, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஹைதராபாத்ல இருந்து டூர் போன இன்ஜினீயரிங் பசங்க, இமாச்சலப் பிரதேசம் மண்டி மாவட்டத்துல பியாஸ் ஆத்துக்குள்ள பாறைமேல ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மேலே லார்ஜி நீர்மின் திட்டம். அங்க மின் உற்பத்தியைக் குறைச்சதால தேங்கின தண்ணியைத் திறந்துட்டாங்க. 24 மாணவ மாணவிகளை ஆறு கொண்டு போயிடுச்சு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரணும்னு 2016-ல அந்த மாநில ஹைகோர்ட் சொல்லிச்சு. இதுல என்னை உலுக்கினது என்னன்னா, அங்கே கரண்டு வேண்டாம்னு சொன்னதால தண்ணி வந்திருக்கு. எங்களுக்கு வேணும்னு சொன்னதால வந்துச்சு. ஆத்துக்கு நடுவுல நிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? 2023 அக்டோபர்ல வால்பாறை சோலையார் எஸ்டேட் பக்கம் ஆத்துல குளிக்கப் போன கோவை மாவட்டக் காலேஜ் பசங்க 5 பேர் மூழ்கிப் போனாங்க. அன்னிக்கு நானும் மெழுகுவத்திப் படத்தை ஸ்டேட்டஸ்ல வெச்சேன். மறுநாள் தானா போயிடுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு, டவுன் ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடையில அதே மாதிரி மூணு அடுக்கு கேரியரைத் தேடிப் பிடிச்சோம். நாலு பேரும் காசு போட்டோம். கடைக்கார அண்ணன் பில் போட்டுட்டு மெஷினைக் கையில எடுத்தார். "பேரு என்னங்க வெட்டணும்?" பல்பு அவங்க அமுச்சி பேரைச் சொல்ல ஆரம்பிச்சான். முதல் எழுத்தோட நிறுத்திட்டான். "வேண்டாங்ணா, விட்டுருங்க"ன்னான். அந்தக் கேரியர் இப்பவும் என் ரூம்ல, பெட்டி பிரிக்காம இருக்கு.

அப்புறம் ஒரு நாள் வேட்டி துண்டு, ஒரு சீப்பு பழத்தோட அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனோம். இந்தத் தடவை பஸ்ஸுல, வீட்டுல சொல்லிட்டு (முழுசா இல்லை, 'மேட்டுப்பாளையம் போறோம்'ங்கற அளவுக்கு!). ஆடுங்க மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணி விளிம்புல ஒரு குச்சி நட்டு வெச்சிருந்தார். "குச்சி நனைஞ்சா ஆட்டை மேல ஏத்திருவனுங்க"ன்னார். ஆட்டுக்குட்டிக்கு இருந்த பாதுகாப்புகூட அன்னிக்கு பல்புக்கு இல்லை. வேட்டியை வாங்கிக்கிட்டார். பழத்துல பாதியை ஆடுங்களுக்குப் போட்டார். ஆறு அன்னிக்கும் அதே மாதிரி கண்ணாடியா, முட்டி ஆழத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், இறங்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. கரையிலேயே உட்கார்ந்து அந்தக் குச்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். நாங்க இருந்தப்பவே வேற காலேஜ் பசங்க அஞ்சாறு பேர், ரீல்ஸைப் பார்த்துட்டு வழி கேட்டுக்கிட்டே தோப்புக்குள்ள வந்தாங்க. ஃபியூஸ்தான் எழுந்து போய், பலகையில இருந்ததை அவங்களுக்குச் சத்தமா படிச்சுக் காட்டினான். "உங்க வேலையைப் பாருங்க ப்ரோ"ன்னாங்க. பெரியவர் எழுந்து பக்கத்துல வந்து நின்னதும்தான் திரும்பிப் போனாங்க. அன்னிக்குப் போனாங்க. மறுநாளைக்கு யார் நிப்பாங்களோ!

இதை எழுதப் போறேன்னு பல்புகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். "எழுதுடா. ஆனா எங்கம்மா வாராவாரம் இந்தப் புக்கை ஒரு பக்கம் விடாம படிக்கும், தெரியும்ல?"ன்னான்.

தெரியும். அதனாலதான் எழுதறேன்.

அம்மா, அந்தக் கேரியர் லேப்ல இல்லீங்கம்மா.